அக்கா மகன் பைலட் ஆகணும்: ஏர் நேஷனல் கார்டில் சேரட்டுமா, நேரே ஏர்லைன்ஸ் போகட்டுமா?

மெங்கிபோல்காரன்:
மலேசியாவின் குளுவாங்கிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அக்கா கல்யாணமாகி அமெரிக்கா போய் ஓஹாயோவில் குடியேறிவிட்டார். அவர் மகன் அங்கேயே பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி ஆண்டு படிக்கிறான். பைலட் ஆக வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறான். எந்த வழியில் என்பதில்தான் வீடே இரண்டுபட்டுக் கிடக்கிறது.

ஒரு வழி, ஏர் நேஷனல் கார்டு, சுருக்கமாகக் கார்டு. மாநிலங்களில் இயங்கும் பகுதிநேர விமானப்படை. கொலம்பஸ் நகரத்தில் நடுவானில் மற்ற விமானங்களுக்கு எண்ணெய் ஊற்றும் கேசி-135 ரக டேங்கர் விமானங்களை வைத்திருக்கும் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள். தேர்வானால் பயிற்சிச் செலவு முழுக்க அரசாங்கத்துடையது, பயிற்சிக் காலத்தில் சம்பளமும் உண்டு. பயிற்சி முடிந்ததும் மாதத்தில் சில நாள் படையில் பறக்கலாம், மற்ற நாள் ஏர்லைன்ஸ் வேலை பார்க்கலாம்.

இன்னொரு வழி, சொந்தக் காசில் பறக்கும் பள்ளி. லைசென்ஸ்கள் எல்லாம் எடுத்து முடிக்க ஒரு லட்சம் டாலர் போல ஆகும் என்கிறான். நம் காசுக்கு நாலு லட்சம் வெள்ளி (ரிங்கிட்).

சிம்பாங் ரெங்கம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் செம்பனை நிலம் இருக்கிறது. அப்பா காலமெல்லாம் ரப்பர் பால் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கியது. அக்கா தன் பங்கை விற்று அனுப்பச் சொல்கிறார். அப்பாவும் சரி என்றுவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அரசாங்கமே செலவு செய்து பைலட் ஆக்குகிறேன் என்னும்போது நிலத்தில் ஏன் கை வைக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலோ கேப்டன்:
நானும் தோட்டத்துப் பிள்ளைதான், ஊர் பாலோ. இப்போது சுபாங்கில் குடியிருந்து ஏர்லைன்ஸ் ஓட்டுகிறேன். நிலத்தை விற்கச் சொல்லமாட்டேன். ஆனால் கார்டு என்பது இலவசம் என்று நினைத்து முடிவெடுக்காதீர்கள் அண்ணா. காசாகக் கொடுக்காததை வருஷமாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அமெரிக்க ஏர்லைன்ஸில் எல்லாமே சீனியாரிட்டி. சேர்ந்த தேதி வாரியாக ஒரு பட்டியல், அதில் உங்கள் எண். எந்த விமானம், எந்த ஊர், எந்த நாள் லீவு, எப்போது கேப்டன் என்பதெல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத்தான். எவ்வளவு திறமையாக ஓட்டினாலும் முன்னால் இருப்பவனைத் தாண்ட முடியாது. வேறு கம்பெனிக்கு மாறினால் கடைசியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். 65 வயதில் கட்டாய ஓய்வு. ஆகவே முன்கூட்டி சேர்ந்த ஒவ்வொரு வருஷமும் கடைசிக் காலத்தில் பெரிய விமானத்தின் கேப்டன் சம்பளமாகத் திரும்பி வரும்.

கார்டு வழியில் என்ன நடக்கும்? பிரிவு தேர்வு செய்ய வேண்டும், அப்புறம் மருத்துவப் பரிசோதனை, அப்புறம் பயிற்சிக்கு இடம் கிடைக்கும்வரை காத்திருப்பு. அலபாமாவில் அதிகாரிப் பயிற்சி. பிறகு ஒரு வருஷம் போல விமானப் பயிற்சி, அதன் மேல் டேங்கருக்குத் தனிப் பயிற்சி. எல்லாம் முடிவதற்குள் அவன் வயதுப் பையன்கள் ஏதாவது ஒரு கம்பெனியில் எண் வாங்கி உட்கார்ந்திருப்பார்கள். விமானப் பயிற்சி முடிந்த நாளிலிருந்து பத்து வருஷம் படைக்குக் கட்டுப்பட்டவன். 22 வயதுப் பையனுக்குப் பத்து வருஷம் என்றால் என்ன என்று இப்போது புரியாது.

கஹாங் டெக்னீஷியன்:
கேப்டன் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

நான் ராணுவத்தில் விமானப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இதே குளுவாங் மக்கோத்தா முகாமில்தான் பல காலம் இருந்தேன். அங்கே வந்து சேர்ந்த இளம் பைலட்டுகளையும் வெளியே போய் ஏர்லைன்ஸில் சேர்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். படைப் பயிற்சியில் பையனை வடிகட்டி எடுப்பார்கள். காசு கட்டியவன் என்ற சலுகை கிடையாது. சரியில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வடிகட்டலைத் தாண்டி வந்தவன் மோசமான வானிலையிலும் மண்டையைக் குளிர்ச்சியாக வைத்திருப்பான்.

அந்த டேங்கரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேசி-135 பழைய விமானம், 1950களில் பிறந்த வடிவம். ஆனால் இப்போது ஓடும் ஆர் ரகத்தில் இருப்பது சிஎஃப்எம்-56 எஞ்சின். போயிங் 737இல் லட்சக்கணக்கான மக்களைச் சுமக்கும் அதே எஞ்சின் குடும்பம். நாலு எஞ்சின், கனமான விமானம், நடுவானில் இன்னொரு விமானத்தை ஒட்டி நிறுத்தி எண்ணெய் ஊற்றும் வேலை. அந்த அனுபவத்தோடு வரும் பையனை எந்த ஏர்லைன்ஸ் வேண்டாம் என்று சொல்லும்?

மணிக்கணக்கையும் பாருங்கள். அமெரிக்காவில் ஏர்லைன்ஸ் வலது சீட்டில், அதாவது துணை பைலட்டாக உட்காரவே சாதாரணப் பைலட்டுக்கு 1,500 மணி நேரம் வேண்டும். 2009இல் பஃபலோ நகரத்துக்கு அருகில் ஒரு விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு வந்த சட்டம். ஆனால் ராணுவத்தில் பயிற்சி பெற்ற பைலட்டுக்கு 750 மணி நேரம் போதும். பாதி!

பாலோ கேப்டன்:
ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். அந்த 750 தாளில் பாதி, நாட்காட்டியில் பாதி அல்ல.

பறக்கும் பள்ளியில் பயிற்றுநராக வேலை பார்க்கும் பையன் நாள் முழுக்க மாணவர்களோடு பறக்கிறான். வானிலை நன்றாக இருந்தால் ஒன்றரை, இரண்டு வருஷத்தில் 1,500ஐத் தொட்டுவிடுவான். கார்டு பைலட் மாதத்தில் சில நாள்தான் பறக்கிறான். பயிற்சியில் கிடைத்தது போக மீதி மணி நேரத்தை அப்படிச் சேர்த்தால் 750க்கே ரொம்ப காலம் ஆகும். அதனால்தான் பகுதிநேரத்தில் இருக்கும் பல பையன்கள் வெளியே பயிற்றுநர் வேலையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பினால் மணி நேரம் வேகமாக ஏறும், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு என்ன விலை என்பதை ராஜி அக்கா மாதிரி ஆட்கள் கேட்பார்கள்.

ரெங்கம் ராஜி:
கேட்கத்தான் வந்தேன். எல்லாரும் எஞ்சின், மணி நேரம், எண் என்று பேசுகிறீர்கள். சேர்வது பட்டாளத்தில். டேங்கர் எதற்கு? போர் விமானத்துக்கு எண்ணெய் ஊற்ற. அமெரிக்கா எந்த மூலையில் சண்டைக்குப் போனாலும் முதலில் டேங்கர்தான் போக வேண்டும். கார்டு என்றால் மாநிலத்தில் வெள்ளம், புயல் வந்தால் உதவுவது மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். மத்திய அரசு அழைத்தால் போயாக வேண்டும். வீட்டில் பிள்ளை பிறந்திருந்தாலும், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாலும்.

அந்தப் போர் சரியா தப்பா என்று முடிவு செய்யும் உரிமை அவனுக்கு இல்லை. எனக்கு இதுதான் முதல் கேள்வி. காசு மிச்சம் என்பதற்காக ஒரு பிள்ளை சீருடை போடக் கூடாது. அந்த நாட்டுக்காகப் பணி செய்ய மனசு இருந்தால் போடட்டும், நான் கையெடுத்துக் கும்பிடுவேன். நம் நிலத்தைக் காப்பாற்ற அவனைப் பட்டாளத்துக்கு அனுப்புகிறோம் என்றால் அது எந்த நியாயம், மெங்கிபோல் அண்ணா?

மெங்கிபோல்காரன்:
ராஜி, கேள்வி சுருக்கென்று இருக்கிறது. அவன் கார்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தது நிலத்துப் பேச்சுக்கு முன்னாலேயே. ஆனால் நிலத்துப் பேச்சு எழுந்த பிறகு அவன் அதைப் பற்றி இன்னும் அதிகமாகப் பேசுகிறான் என்பதும் உண்மை. தாத்தாவின் நிலம் தன்னால் போகக் கூடாது என்று நினைக்கிறானோ என்னவோ. இதை நான் அவனிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

லாயாங் பேத்தி:
லாயாங்-லாயாங் தோட்டத்தில் வளர்ந்தவள், இப்போது டெக்சாஸ். என் கணவர் இரண்டு வேலையும் பார்க்கிறார்: ஏர்லைன்ஸில் முதல் அதிகாரி (துணை பைலட்), கார்டில் சி-130 சரக்கு விமானப் பைலட். ஆகவே இரண்டு பக்கத்தையும் சாப்பாட்டு மேசையில் பார்க்கிறவள் நான்.

முதலில் கேப்டன் அண்ணாவுக்கு. நீங்கள் சொன்ன சீனியாரிட்டி எண், ஏர்லைன்ஸில் சேர்ந்த பிறகு படைக்குப் போனால் நகராது. 1994இல் வந்த யுசெரா சட்டம் அதைக் காப்பாற்றுகிறது. படைப் பணிக்கு லீவு கேட்டால் கம்பெனி மறுக்க முடியாது. திரும்பி வந்ததும், போகாமலேயே இருந்திருந்தால் எந்த இடத்தில் இருந்திருப்பாரோ அந்த இடத்தில் உட்கார வைக்க வேண்டும். ஒரே கம்பெனியில் மொத்தம் ஐந்து வருஷம் வரை இந்தப் பாதுகாப்பு, அதிலும் கட்டாய அழைப்பு போன்ற சில பணிகள் கணக்கில் வராது. ஆகவே தாமதம் என்பது ஆரம்பத்தில் உள்ள சில வருஷம் மட்டும்தான். அதற்குப் பிறகு எண் தானாக ஏறிக்கொண்டிருக்கும்.

வேலை போகும் காலத்தையும் யோசிக்க வேண்டும். 2001 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பைலட்டுகளை வீட்டுக்கு அனுப்பினார்கள், கடைசியாகச் சேர்ந்தவன் முதலில். 2020இலும் அந்தப் பயம் வந்தது. எங்கள் வீட்டில் கணவர் படையில் முழுநேரப் பணி கேட்டு வாங்கிக்கொண்டார், வீட்டுக்கடன் ஒரு மாதமும் நிற்கவில்லை. அந்த வருஷம் சுபாங்கில் வேலை போன ஒரு பைலட் சீருடையோடு கறி மீயும் லக்சாவும் விற்றது உங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். உழைத்துச் சாப்பிட்டார், பெருமைக்குரிய மனிதர். ஆனால் அவருக்குப் பின்னால் இன்னொரு காக்பிட் இல்லை.

மருத்துவக் காப்பீடு இன்னொன்று. கார்டு குடும்பத்துக்குக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கிறது. கணக்கில் சேரும் அளவு பணி செய்த இருபது வருஷம் முடித்தால் 60 வயதில் ஓய்வூதியம்.

இப்போது மறுபக்கம். மாதம் ஒரு வார இறுதி, வருஷம் இரண்டு வாரம் என்பதை நம்பாதீர்கள். பைலட்டுக்கு அது போதாது. தகுதி போகாமல் இருக்க வாரநாட்களிலும் போய்ப் பறக்க வேண்டும். ஏர்லைன்ஸ் அட்டவணை ஒரு பக்கம், படை அட்டவணை ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் மிஞ்சும் நாள்தான் வீட்டுக்கு. தீபாவளிக்கு அவர் வீட்டில் இருப்பார் என்று பிள்ளைகளிடம் நான் சொல்வதில்லை. யுசெரா வேலையைக் காப்பாற்றும், லீவில் போகும் நாளுக்கு ஏர்லைன்ஸ் சம்பளம் தர வேண்டும் என்று சொல்லவில்லை. அனுபவமுள்ள கேப்டன் படைப் பணிக்குப் போகும் மாதம் வருமானம் குறையத்தான் செய்யும்.

பாலோ கேப்டன்:
யுசெரா பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், தங்கச்சி. எண் காப்பாற்றப்படும் என்பது பெரிய விஷயம். ஆனால் என் கவலை அந்த எண் கிடைப்பதற்கு முன்னால் உள்ள வருஷங்கள். ஏர்லைன்ஸ் ஆள் எடுப்பது அலை மாதிரி, ஏறும்போது வாசல் திறந்திருக்கும், இறங்கினால் வருஷக்கணக்கில் மூடிக்கிடக்கும். அவன் பயிற்சி முடிந்து வெளியே வரும்போது அலை எங்கே இருக்கும் என்று இங்கே யாராலும் சொல்ல முடியாது. இப்போது திறந்திருக்கும் வாசலை விட்டுவிட்டுப் போகிறான்.

கஹாங் டெக்னீஷியன்:
அதே வாதத்தைத் திருப்பிப் போடுகிறேன். அவன் கடன் வாங்கிப் படித்து 1,500 மணி நேரம் சேர்ப்பதற்குள் வாசல் மூடிவிட்டால்? கையில் கடன், நிலமும் இல்லை. கார்டில் இருந்தால் வாசல் மூடியிருக்கும் காலத்திலும் சம்பளத்தோடு பறந்துகொண்டிருப்பான். வாசல் எப்போது மூடும் என்று தெரியாத இடத்தில் கடனில்லாதவன்தான் காத்திருக்க முடியும்.

ரெங்கம் ராஜி:
மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறதே, ஏன் யாரும் பேசவில்லை? டிகிரி முடித்து இன்ஜினியர் வேலைக்குப் போகட்டும். சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பறக்கப் படிக்கட்டும். முதலில் தனியார் லைசென்ஸ், அப்புறம் வணிக லைசென்ஸ், அப்புறம் பயிற்றுநர். பயிற்றுநர் ஆனதும் பறப்பதே வருமானம். நிலமும் போகாது, பட்டாளமும் வேண்டாம். கொஞ்சம் தாமதம் ஆகும், அவ்வளவுதான். என் பிள்ளை என்றால் இதைத்தான் சொல்வேன்.

பாலோ கேப்டன்:
ராஜி அக்கா சொல்வது நடக்கக்கூடிய வழி. நான் பார்த்த சிக்கல் ஒன்று: வாரம் ஒரு முறை பறந்தால் போன வாரம் கற்றது பாதி மறந்துபோகும், மறுபடி அதே பாடத்துக்குக் காசு. தொடர்ந்து பறந்தால்தான் குறைந்த மணி நேரத்தில் முடியும். ஒரு வருஷம் வேலை பார்த்துக் காசைச் சேர்த்து, பிறகு ஒரே மூச்சில் படிப்பது நல்லது.

ஐந்தாம் படிவம்:
அண்ணன்மாரே, அக்காமாரே, நான் குளுவாங்கில் எஸ்பிஎம், அதாவது ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு எழுதப் போகிறவன். நமக்கு இங்கே அப்படிப் பகுதிநேரமாகப் படையில் பறக்கும் வழி இருக்கிறதா? வீட்டில் பறக்கும் பள்ளிக்குக் காசு கிடையாது.

கஹாங் டெக்னீஷியன்:
தம்பி, ஒரு காலத்தில் இருந்தது. 1950இல் மலாயா துணை விமானப்படை தொடங்கினார்கள். கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூரில் வேலைக்குப் போகிறவர்கள் ஓய்வு நேரத்தில் வந்து டைகர் மோத், ஹார்வர்ட் விமானங்களை ஓட்டிப் படித்தார்கள். சுதந்திரக் காலத்தோடு அது முடிந்துவிட்டது. 1958 ஜூன் 2இல் பிறந்த நம் விமானப்படை முழுநேரப் படை. இன்று எஸ்பிஎம் முடித்த பையன் நேராகப் போய் வார இறுதியில் மட்டும் படை விமானம் ஓட்டிப் பைலட் ஆக முடியாது.

உனக்குள்ள வழி முழுநேரம். விமானப்படை கேடட் அதிகாரியாக விண்ணப்பித்தால் அலோர் ஸ்டாரில் பயிற்சி, பிசி-7 பயிற்சி விமானத்தில் தொடங்குவார்கள். தரைப்படைக்கும் ஹெலிகாப்டர் பிரிவு உண்டு, அதன் தளம் உன் ஊரிலேயே இருக்கிறது. கணிதம், இயற்பியல், ஆங்கிலம் மூன்றையும் விடாதே. கண் பரிசோதனையை இப்போதே செய்துகொள், நிறக்குருடு இருந்தால் பிறகு தெரிந்து அழுவதைவிட இப்போதே தெரிவது மேல். விண்ணப்பிக்கும்போது ஒப்பந்தக் காலத்தை ஒரு வரி விடாமல் படி.

பாலோ கேப்டன்:
தம்பி, தனியார் வழியென்றால் இங்கே மலாக்கா, லங்காவி, கோத்தா பாரு பக்கம் பள்ளிகள் உண்டு. மூன்று லட்சம் வெள்ளிக்கு மேல் வேண்டும். மாரா என்ற அரசு அமைப்பின் கடன் பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மலாய்க்காரர் போன்றவர்களுக்கு மட்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் வீட்டை அடகு வைத்துத்தான் படித்தார்கள், படித்த எல்லாருக்கும் வேலை கிடைக்கவில்லை. உனக்கு அப்படி ஒரு கடன் ஏறுவதை நான் விரும்பவில்லை. கஹாங் ஐயா சொன்ன வழியை முதலில் முயன்று பார். ஆம், அங்கே கார்டுக்கு எதிராகப் பேசும் நான்தான் உனக்கு விமானப்படையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பயிற்றுநராகி மணி நேரம் சேர்க்க நிறைய இடம் இருக்கிறது, கடன் வாங்கினாலும் அடைக்க வழி தெரிகிறது. இங்கே அந்த நடுப்படிக்கட்டே ரொம்பக் குறுகல்.

மெங்கிபோல்காரன்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு அவனோடு தனியாகப் பேசினேன், அக்காவும் அப்பாவும் இல்லாமல். ராஜி கேட்டதை அப்படியே கேட்டேன்: நிலம் விற்காமல், காசுப் பிரச்சினையே இல்லாமல் இருந்தாலும் கார்டில் சேருவாயா?

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் சொன்னான்: சேருவேன் மாமா, ஆனால் போருக்கு அழைத்தால் எப்படி இருக்கும் என்று நான் இன்னும் முழுசாக யோசிக்கவில்லை. அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. மறைக்காமல் சொன்னான்.

இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறோம். முதலில் ஏர்லைன்ஸுக்கு வேண்டிய முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் எடுக்கிறான், எந்த வழியில் போனாலும் கடைசியில் ஏர்லைன்ஸில் சேர அது வேண்டும். ஒரு காசு செலவழிப்பதற்கு முன் உடம்பு தேறுமா என்று தெரியட்டும். பிறகு அந்தப் பிரிவுக்கு நேரில் போய் இரண்டு மூன்று முறையாவது அங்குள்ள பைலட்டுகளோடு பழகுகிறான். அங்கே பிரிவே தன் பைலட்டைத் தேர்ந்தெடுப்பதால் முகம் தெரியாதவனை எடுக்கமாட்டார்களாம். அவன் கேட்க வேண்டிய கேள்வியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: போன சில வருஷத்தில் எத்தனை முறை வெளிநாடு போனார்கள், எவ்வளவு நாள், புதுப் பைலட்டுக்கு முழுநேரப் பணி எவ்வளவு காலம் கிடைக்கிறது. விளம்பரத்தில் இருப்பதை விட்டு அவர்கள் வாயால் கேட்டு வரட்டும்.

கார்டு தேர்வு முடிவு தெரியும்வரை நிலம் விற்பனை இல்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தேர்வாகாவிட்டால் ராஜி சொன்ன வழி, வேலை பார்த்துச் சேர்த்துப் படிப்பது. அக்காவுக்குக் கோபம்தான்.

பாலோ கேப்டன்:
காத்திருங்கள், ஆனால் ஒரு கெடு வையுங்கள் அண்ணா. ஒரு பிரிவு இல்லையென்றால் இன்னொரு பிரிவு என்று விண்ணப்பித்துக்கொண்டே வருஷங்களைக் கரைத்த பையன்கள் உண்டு. டிகிரி முடிந்து ஒரு வருஷத்துக்குள் தேர்வாகவில்லை என்றால் அவன் பறக்கும் பள்ளிக்குப் போக வேண்டும். நான் இன்னமும் ஏர்லைன்ஸ் பக்கம்தான்.

ரெங்கம் ராஜி:
நான் இன்னமும் பட்டாளம் வேண்டாம் பக்கம்தான். அவன் யோசித்து முடித்துச் சேர்ந்தால் எதிர்த்துப் பேசமாட்டேன். அக்காவிடம் நான் பேசட்டுமா? பெண்ணுக்குப் பெண் பேசினால் கோபம் கொஞ்சம் இறங்கும்.

லாயாங் பேத்தி:
மெங்கிபோல் அண்ணா, உங்கள் அக்கா மகனின் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். என் கணவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கிறார், பேசச் சொல்கிறேன். ஓஹாயோவிலேயே டேட்டன் பக்கம் ரைட்-பேட்டர்சன் தளத்தில்தான் விமானப்படை பைலட்டுகளுக்கான மருத்துவப் பரிசோதனை நடக்கும். அதில் கண்ணுக்கு என்னென்ன பார்ப்பார்கள், என்ன தயாராகப் போக வேண்டும் என்று விவரமாகச் சொல்வார்.